பார்க்காத படத்துக்கே முதல் பரிசு

மௌனப் பட ரசிகர்களைச் சாதுக்கள் என்று நினைத்து நெருங்கிவிடாதீர்கள். திரையில் இல்லாத சத்தத்தையெல்லாம் அவர்கள் வெளியே வந்து போட்டுத் தீர்ப்பார்கள். உலகின் தலைசிறந்த மௌனப் படம் எது என்று நான்கு ரசிகர்கள் இருக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள், ஐந்து பட்டியல் வரும்.

சாப்ளின் கட்சிக்கு எப்போதும் உறுப்பினர் அதிகம், உழைப்புக் குறைவு. ‘தி கோல்ட் ரஷ்’ படத்தில் பூட்ஸை வேகவைத்துச் சாப்பிட்டாரே, அதற்கு மேல் என்னய்யா வேண்டும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பஸ்டர் கீட்டன் கட்சி சிறியது, ஆனால் கோபக்காரக் கட்சி. சிரிக்காத மனிதருக்குக் கொடி பிடிப்பதால் தொண்டர்களும் சிரிப்பதில்லை. ‘தி ஜெனரல்’ படத்துக்காக நிஜ ரயில் எஞ்சினை நிஜப் பாலத்தில் ஏற்றி நிஜ ஆற்றில் விழவைத்தார் கீட்டன். படம் வந்தபோது போட்ட பணம் திரும்பவில்லை. அந்த நஷ்டத்துக்கு நீங்களும் நானும்தான் ஜாமீன் கையெழுத்துப் போட்டோம் என்கிற தொனியிலேயே இன்றுவரை பேசுவார்கள்.

அப்புறம் பொட்டெம்கின் கட்சி. 1958-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த வாக்கெடுப்பில் ஐசன்ஸ்டைனின் ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’ முதலிடம் வாங்கியது. அதற்கு மேல்முறையீடு கிடையாது என்பது இவர்கள் கொள்கை. ஒடெஸா படிக்கட்டில் அந்தத் தள்ளுவண்டி உருளத் தொடங்கிவிட்டால், உள்ளே இருக்கும் குழந்தையைத் தவிர மற்ற எல்லாவற்றைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

அதற்கு ஆறு வருடம் முன்னால், 1952-ல், ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை நடத்திய வாக்கெடுப்பில் சாப்ளினின் இரண்டு படங்கள் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று ‘தி கோல்ட் ரஷ்’. மற்றது ‘சிட்டி லைட்ஸ்’. அங்கேதான் வம்பு. ‘சிட்டி லைட்ஸ்’ வந்தது 1931-ல். அக்கம்பக்கத்துத் தியேட்டர்களில் எல்லாம் பேச்சும் பாட்டும் காதைக் கிழித்துக்கொண்டிருந்த காலம். பேச வசதி இருந்தும் பேச மாட்டேன் என்று அடம்பிடித்தது மௌனப் படமா, மௌன விரதமா? இந்த ஒரு கேள்வியில் முறிந்துபோன சிநேகிதங்கள் உண்டு.

இந்த அமளியில், ஓரத்தில் காபி ஆற்றிக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் கேட்பார்: “அது சரி, இதில் நம்ம ஊர்ப் படம் எத்தனையாவது இடம்?”

அப்போதுதான் அந்தக் கூட்டம் நிஜமாகவே மௌனமாகும்.

இந்தியாவில் 1,300-க்கும் மேற்பட்ட மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன. இன்று மிச்சம் இருப்பது, முழுசும் அரைகுறையும் துண்டு துக்கடாவும் எல்லாம் சேர்த்து, முப்பதைச் சுற்றித்தான். தென்னிந்தியாவில் எடுத்தவற்றில் படம் என்று சொல்லும்படி மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது எப்படி மிஞ்சியது என்பது தனிக் கூத்து, பிறகு வருகிறேன். ஆகவே நம் மௌனப் படங்களை வரிசைப்படுத்தக் கிளம்பும் ரசிகன், விடைத்தாளைப் பார்க்காமலே மார்க் போடும் வாத்தியார். நானும் அந்த உத்தியோகத்தில்தான் இருக்கிறேன். வெட்கம் போய் வெகு நாளாகிறது.

அந்தக் காலத்தில் பார்த்தவர்களைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டார்கள். அதுவும் சர்க்கார் செலவில்.

1927-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு சினிமா விசாரணைக் குழுவை நியமித்தது. அரசுக்கு இரண்டு கவலைகள். ஒன்று, ஹாலிவுட் படங்களில் வெள்ளைக்காரப் பெண்கள் அரைகுறை உடையில் முத்தம் கொடுத்துக்கொண்டு திரிகிறார்கள். அதை அரையணா, ஓரணா கொடுத்துப் பார்க்கும் இந்தியர்கள் நாளைக்குக் கலெக்டர் துரைசானிக்கு எப்படிச் சலாம் போடுவார்கள்? இரண்டாவது கவலை இன்னும் ஆழமானது: அந்த அரையணாவும் ஓரணாவும் லண்டனுக்குப் போகாமல் அமெரிக்காவுக்குப் போகிறதே! ஒழுக்கம், வியாபாரம் என்று இரண்டு பெயரில் ஒரே வயிற்றெரிச்சல்.

குழுவுக்குத் தலைவர் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். அவரைச் சேர்த்து மூன்று இந்தியர், மூன்று வெள்ளைக்காரர். 4,325 கேள்வித்தாள்களை அனுப்பினார்கள். 353 சாட்சிகளை விசாரித்தார்கள். லாகூர், கல்கத்தா, சென்னை, ரங்கூன் என்று ஊர் ஊராகப் போனார்கள். சினிமா பார்ப்பதற்கு இவ்வளவு பெரிய பயணப்படி வாங்கிய ரசிகர் மன்றம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

காந்திக்கும் ஒரு கேள்வித்தாள் போயிற்று. தாம் சினிமாவுக்குப் போனதே கிடையாது, ஆனாலும் அது விளைவிக்கும் கேடு வெளியில் நிற்பவனுக்கே தெரிகிறது என்கிற பொருளில் பதில் வந்து சேர்ந்தது. பார்க்காத படத்துக்கு மார்க் போடும் எங்கள் மரபுக்கு இவ்வளவு பெரிய முன்னோடி கிடைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாதகம் என்னவென்றால், அவர் எல்லாப் படத்துக்கும் பூஜ்யம் போட்டுவிட்டார்.

1928-ல் அறிக்கை வந்தது. இந்தியாவில் காட்டப்பட்ட படங்களிலேயே மிகவும் ஜனரஞ்சகமானது டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ என்று அதில் எழுதியிருந்தது. ஆக, மௌன யுகத்து இந்திய ரசிகனின் அதிகாரபூர்வமான முதலிடம், சர்க்கார் முத்திரையோடு, ஒரு திருடனுக்குப் போயிற்று. எனக்கு இதில் ஆச்சரியம் ஏதுமில்லை. சட்டை போடாத கதாநாயகன், அரண்மனை, அரக்கன், மாயப் பொட்டலங்கள், பறக்கும் கம்பளம். புஷ்பக விமானத்தைப் பாட்டி மடியில் கேட்டு வளர்ந்தவனுக்குப் பறக்கும் கம்பளம் அதன் சிக்கனப் பதிப்பு. அமெரிக்காக்காரன் லட்சக்கணக்கில் கொட்டி நம்ம தாத்தா கதையை நமக்கே விற்றான். நாமும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டோம்.

குழுவின் தைரியத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் படத்தை ஒதுக்கிவிட்டு பிரிட்டிஷ் படத்துக்குச் சலுகை கொடுங்கள் என்று எழுதித் தருவார்கள் என்று அரசு காத்திருந்தது. அமெரிக்கப் படம் அளவுக்கு மீறிப் பார்ப்பது கெடுதல் என்றால், பிரிட்டிஷ் படம் அளவுக்கு மீறிப் பார்ப்பதும் அதே கெடுதல்தானே என்று குழு கேட்டது. சென்னை வக்கீல் மூளை வேறு எப்படிக் கேட்கும்? அறிக்கையை அரசு மரியாதையாக வாங்கி, மரியாதையாக அலமாரியில் வைத்துப் பூட்டியது.

நம் பக்கத்துச் சாமானிய ரசிகனுக்கு இந்த அறிக்கையெல்லாம் தெரியாது. அவன் சாமி எடி போலோ. சர்க்கஸ் குடும்பத்தில் பிறந்து யூனிவர்சல் கம்பெனியின் தொடர் படங்களில் குதித்துக்கொண்டே இருந்த மனிதர். ஓடும் ரயிலில் குதிப்பார், குதிரையிலிருந்து குதிப்பார், சன்னல் வழியாகக் குதிப்பார். கதவு திறந்திருந்தாலும் சன்னல்தான். ஒவ்வொரு பகுதியும் அவர் செத்துப்போகும் தறுவாயில் முடியும். அடுத்த பகுதியில் அவர் எப்படிப் பிழைத்தார் என்று பார்க்க அடுத்த காசு. இன்று தினமும் இரவு எட்டரை மணிக்குத் தொலைக்காட்சியில் நடக்கும் அதே மோசடி, அன்று தார்ப்பாய்க் கொட்டகையில் நடந்தது. எடி போலோவாவது குதித்தார்.

படம் மௌனமே தவிர, கொட்டகை மௌனமாக இருந்ததில்லை. பெரும்பாலான இடங்களில் ஒரே ஒரு புரொஜெக்டர். ரீல் முடிந்தால் மாற்றும்வரை சும்மா இருக்க நம்மவர்கள் என்ன லண்டன்வாசிகளா? இடைவேளையில் நடனம் வைத்தார்கள், குஸ்தி வைத்தார்கள். திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கதை சொல்பவர் ஒருவர் இருப்பார். திரையில் இங்கிலீஷில் நாலு வரி வரும். இவர் தமிழில் நாற்பது வரி சொல்லுவார். மிச்சம் முப்பத்தாறு வரி எங்கிருந்து வந்தது என்று கேட்க அங்கே இங்கிலீஷ் தெரிந்தவர் கிடையாது. ஒரே படத்தில் தஞ்சாவூரில் பழிவாங்கியவன் திருநெல்வேலியில் மன்னித்துவிட்டுப் போயிருந்தாலும் நான் வியக்க மாட்டேன். என்னைக் கேட்டால், மௌனப் பட வரிசையில் இயக்குநர் பெயருக்கு முன்னால் இந்த மனிதர்களின் பெயரைப் போட வேண்டும். ஒருவர் பெயராவது தெரிந்தால்தானே!

இந்தக் கொட்டகைப் பரம்பரைக்கு நம் பக்கத்து ஆதிபுருஷர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே உத்தியோகம். 1905-ல் து பாண்ட் என்கிற பிரெஞ்சுக்காரர் உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்பத் தவித்தபோது, அவரிடமிருந்த புரொஜெக்டரையும் படங்களையும் விலை பேசி வாங்கினார். விலை 2,250 ரூபாய். அந்தக் காலத்து ரயில்வே குமாஸ்தா அந்தப் பணத்துக்கு நிலம் வாங்குவான், நகை வாங்குவான், பெண்ணைக் கட்டிக்கொடுப்பான். இவர் வெளிச்சம் வாங்கினார். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று வரலாற்றில் இல்லை. இருந்தால் அதுவே நல்ல பேசும் படமாக இருந்திருக்கும். அப்புறம் ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டி உட்கார்ந்தார். அந்த ரோட்டுக்கே வெரைட்டி ஹால் ரோடு என்று பெயர் வந்துவிட்டது. 

இனி, வரிசையில் யாரும் தொடத் துணியாத முதல் பெரியவர், பால்கே. ‘ராஜா ஹரிச்சந்திரா’, 3 மே 1913, பம்பாய் கிர்காவ் கொரோனேஷன். இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்து லண்டனுக்குப் போய் கேமரா வாங்கி வந்தார். ஒரு பட்டாணிச் செடி முளைப்பதைப் படம் பிடித்துக் காட்டி முதலாளிகளை மயக்கினார். பட்டாணி ஒழுங்காக நடித்தது. மனிதர்கள்தான் கிடைக்கவில்லை. சினிமாவில் நடிக்கப் பெண் எவரும் வரவில்லை, பால்கே சிவப்பு விளக்குப் பகுதிவரை போய்ப் பார்த்தும் முடியாது என்றுவிட்டார்கள். எல்லா உத்தியோகத்துக்கும் ஒரு மானம் இருக்கிறது அல்லவா!

கடைசியில் கிராண்ட் ரோடு பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த சாலுங்கே கண்ணில் பட்டார். மெல்லிய விரல்கள், மெல்லிய உடல். கடையில் மாதம் பத்து ரூபாய், பால்கே தருவது பதினைந்து. பத்தினி தாராமதி பிறந்தது இப்படி, அஞ்சு ரூபாய் வித்தியாசத்தில். பெண் வேடம் போட்டவர்கள் மீசையை எடுக்க மாட்டோம் என்றார்களாம், அப்பன் செத்தால்தான் மீசையில் கத்தி படும் என்று. சத்தியத்துக்காக மனைவியை விற்றவன் கதையை எடுக்கக் கிளம்பிய பால்கே, மீசைக்காக மன்றாடிக்கொண்டு நின்றார் என்பது சினிமாக்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. நடிகர்களிடம், எங்கே வேலை என்று கேட்டால் ஹரிச்சந்திரனின் ஃபாக்டரியில் என்று சொல்லுங்கள் என்றாராம். முதல் படமே சத்தியவானைப் பற்றி. அதற்கு முதல் நாளே ஒரு பொய்.

இந்தத் தாராமதிக்கு அடுத்த நான்கு வருடத்தில் கிடைத்த பதவி உயர்வுதான் என் மனம் கவர்ந்தது. 1917-ல் ‘லங்கா தகனம்’. அதில் சாலுங்கே சீதை. ராமரும் அவரே. ராவணன் வந்துதான் இருவரையும் பிரித்தான் என்று வால்மீகி சொன்னதை நம்பிக்கொண்டிருந்தோம். சேர்ந்து நிற்கவிடாமல் தடுத்தது ஆள் பற்றாக்குறை. சீதையின் புஜங்கள் கொஞ்சம் பயில்வான் புஜங்களாகவே தெரிந்தன என்பார்கள். பக்தர்களுக்கு அது உறுத்தவில்லை. ராமர் திரையில் தோன்றியதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். வசூலான சில்லறையை மாட்டுவண்டியில் ஏற்றிப் போலீஸ் காவலோடு கொண்டுபோனார்கள் என்பது அந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்டே வரும் கதை. ‘ராஜா ஹரிச்சந்திரா’வை முதல் இடத்தில் வைப்பவர்கள் மரியாதைக்காக வைக்கிறார்கள். ஆசைக்கு வைக்க வேண்டும் என்றால் ‘லங்கா தகனம்’தான். சில துண்டுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன, அனுமாருக்கு நன்றி.

பம்பாயை விட்டுக் கீழ்ப்பாக்கம் வருவோம். ஆர். நடராஜ முதலியார் மோட்டார் கார், உதிரி பாகம் விற்றுக்கொண்டிருந்தவர். பால்கே படங்களைப் பார்த்துவிட்டு, நாமும் எடுத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. பூனாவுக்குப் போய் ஸ்டூவர்ட் ஸ்மித் என்கிற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமராவைச் சுற்றக் கற்றுக்கொண்டார். தஞ்சாவூர்ப் பக்கத்து மூப்பனார் ஒருவரிடம் கேமராவும் பிரிண்டரும் இருப்பது தெரிந்து 1,800 ரூபாய்க்கு வாங்கினார். தஞ்சாவூர் மிராசுதாரிடம் சினிமா கேமரா எதற்கு இருந்தது? நெல்லு விளைவதைப் படம் எடுத்தாரா? தெரிந்தால் அவருக்கும் பட்டியலில் ஒரு இடம் தரத் தயார்.

கதை தேர்ந்தெடுத்ததில்தான் முதலியாரின் தைரியம் தெரிகிறது. ராமாயணம், பாரதம், பாகவதம் மூன்றும் காலியாகக் கிடக்கின்றன. ஒரு போட்டியாளரும் கிடையாது. பட்டாபிஷேகம் எடுக்கலாம், கல்யாணம் எடுக்கலாம். அவர் எடுத்தது ‘கீசக வதம்’. மாறுவேடத்தில் இருக்கும் திரௌபதியிடம் வாலாட்டி, பீமனிடம் மாட்டிக்கொண்டு பிண்டமாகிப்போன கீசகன் கதை. முதல் படமாக இதையா எடுப்பார்கள் என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் பக்கத்தில் இருந்தார், கதை மாறவில்லை. வில்லனின் மரணத்தைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டுத் தொடங்கியது தமிழ் சினிமா. அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் படம், முடிவு அதேதான். தலைப்பில் சொல்லும் நேர்மைதான் போய்விட்டது.

படப்பிடிப்பு 35 நாள், செலவு 35,000 ரூபாய், வரவு 50,000. இப்படி ஒரு கணக்கை இன்றைய தயாரிப்பாளரிடம் காட்டினால் கண்ணில் ஒத்திக்கொள்வார். படம் கழுவும் கூடம் பெங்களூரில். சென்னை வெயிலில் கழுவ முடியாது. வாரக் கடைசியில் முதலியார் ரீலைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் போவார். இன்றைக்கு வாரக் கடைசியில் ஒசூர் சாலையை அடைத்துக்கொண்டு போகும் இளைஞர்கள் அனைவருக்கும் குலபதி அவர்.

திரையில் வசனம் எழுத்தாக வர வேண்டுமே. தமிழும் இங்கிலீஷும் உள்ளூரில் ஆயிற்று. இந்தி? அதை எழுதிக் கொடுத்தவர் தேவதாஸ் காந்தி. ஆமாம், மகாத்மாவின் மகன். அப்பா சுமார் பத்து வருடம் கழித்து, சினிமா பக்கமே போனதில்லை, அது கேடு என்று ரங்காச்சாரியாருக்குப் பதில் எழுதுகிறார். மகன் அதற்குள்ளேயே கீசகனுக்கு இந்தியில் வசனம் எழுதிக் கொடுத்திருக்கிறார்! தென்னாட்டில் இந்தி நுழைந்த வரலாற்றை எழுதுபவர்கள் இதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

‘கீசக வதம்’ எந்த வருடம் என்பதில் ஒரு குடுமிப்பிடி உண்டு. 1916 என்பார் ஒருவர், 1917 என்பார் அடுத்தவர், 1918 என்பார் மற்றவர். தேவதாஸ் இந்திப் பிரசாரத்துக்காகச் சென்னைக்கு வந்தது 1918-ல். என் ஓட்டு அதனால் 1918-க்கு. ஒரு படத்தின் வயதை அதில் இருந்த இந்தியை வைத்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது. படம் இல்லாத ஊரில் இப்படித்தான்.

அடுத்து முதலியார் எடுத்தது ‘திரௌபதி வஸ்திராபகரணம்’. சேலை உரியும் காட்சிக்கு எந்தக் குடும்பப் பெண் வருவாள்? ஆங்கிலோ இந்தியப் பெண் ஒருவரைப் பிடித்தார்கள். பாஞ்சாலம், அஸ்தினாபுரம், வெப்பேரி. சேலையே கட்டிப் பழகாதவரை வைத்து உலகின் மிக நீளமான சேலைக் காட்சியை எடுத்த சாமர்த்தியம் பெரிது. 1923 வாக்கில் ஸ்டூடியோவில் தீ, வீட்டில் மகனின் மரணம் என்று அடி மேல் அடி. முதலியார் சினிமாவை விட்டே விலகினார். அவர் எடுத்த படம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

சென்னைக்கு மௌனப் படத்தைக் கண்டு பயந்த பெருமையும் உண்டு. 1921-ல் பம்பாய் கோஹினூர் கம்பெனி ‘பக்த விதுரர்’ எடுத்தது. விதுரராக நடித்தவர் கம்பெனி முதலாளி துவாரகாதாஸ் சம்பத். அவர் தலையில் ஒரு வெள்ளைக் குல்லாய் வைத்துக்கொண்டு வந்தார். சென்னை அதிகாரிகள் பார்த்தார்கள். விதுரருக்குக் குல்லாய் ஏது, இது அந்தச் சபர்மதி ஆசாமி அல்லவா என்று படத்தைத் தடை செய்துவிட்டார்கள். கராச்சியிலும் தடை. வாய் திறக்காத ஒரு மனிதரை, தலையில் இருந்ததற்காகத் தடுத்து நிறுத்திய அரசு அது. குல்லாய் தயாரிப்பாளருக்கு இப்படி ஒரு விளம்பரம் அதற்குப் பிறகு கிடைத்ததில்லை.

நட்சத்திரங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் எனக்கு அதிக யோசனை வேண்டாம். ரூபி மையர்ஸ் என்கிற டெலிபோன் ஆபரேட்டர் சுலோசனா ஆனார். ‘வைல்ட்கேட் ஆஃப் பாம்பே’ படத்தில் எட்டு வேடம் போட்டார், அதில் தோட்டக்காரர், போலீஸ்காரர் எல்லாம் உண்டு. சாலுங்கே பெண்ணாக நடித்ததற்குப் பெண்கள் சார்பில் கொடுத்த பதிலடி. பம்பாய் கவர்னரைவிட அவர் அதிகம் சம்பாதித்தார் என்று ஊர் பேசிக்கொண்டது. ஆண்களில் நம்ம புதுக்கோட்டை நாகலிங்கம். கட்டுமஸ்தான உடம்பு. பம்பாய்க்குப் போய் ராஜா சாண்டோ ஆகி, அங்கே நட்சத்திரமாக மின்னிவிட்டுச் சென்னைக்குத் திரும்பி ‘பேயும் பெண்ணும்’, ‘அநாதைப் பெண்’ என்று சமூகப் படம் எடுத்தார். புராணம் அலுத்துப்போய் முதலில் வேட்டியும் கிராப்புமாக மனிதர்களைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அவையும் போய்விட்டன.

திருவனந்தபுரத்தில் கேப்பிட்டல் தியேட்டர் என்று ஒன்று இருந்தது. தென்னாட்டு மௌனப் படத்தின் இரண்டு உச்சக் காட்சிகளும் அதன் திரையில் நடக்கவில்லை, திரைக்கு வெளியே நடந்தன.

முதல் காட்சி ‘விகதகுமாரன்’. எடுத்தவர் ஜே.சி. டேனியல், கன்னியாகுமரிப் பக்கத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். சொத்தை விற்றுப் படம் எடுத்தார். இந்த இடத்தில் என் கிண்டலைக் கொஞ்சம் ஓரம் வைக்கிறேன். கதாநாயகியாக நடித்த பி.கே. ரோசி தலித் பெண். படத்தில் அவருக்கு நாயர் பெண் வேடம். ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று பார்க்க வந்த கனவான்கள் கல்லெறிந்து திரையைக் கிழித்தார்கள். ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. தம் முகத்தைத் திரையில் அவர் பார்க்கவே இல்லை. டேனியல் கடனில் மூழ்கிப் பல் டாக்டராகக் காலம் தள்ளினார். படம் இல்லை. கல்லெறிந்தவர்கள் சந்ததியோடு சௌக்கியமாக இருந்திருப்பார்கள்.

இரண்டாவது காட்சி 1933-ல், ‘மார்த்தாண்ட வர்மா’. தயாரித்தவர் டேனியலின் உறவினர் சுந்தர்ராஜ், இயக்கியவர் பி.வி. ராவ். சி.வி. ராமன் பிள்ளையின் நாவல்தான் கதை. நாவலின் உரிமை கமலாலயா புத்தக டிப்போவிடம் இருந்தது. அவர்களிடம் கேட்க வேண்டும் என்று சினிமாக்காரர்களுக்குத் தோன்றவில்லை. சில நாள் படம் ஓடியது. புத்தகக் கடை வழக்குப் போட்டது. படப்பெட்டி பறிமுதல். தயாரிப்பாளருக்குப் பெரும் நஷ்டம். தென்னாட்டு சினிமாவின் முதல் காப்புரிமைத் தகராறு என்று சட்டக் கல்லூரியில் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் நடந்ததைப் பாருங்கள். ஊர் ஊராக ஓடிய படமெல்லாம் தேய்ந்து, கிழிந்து, எரிந்து, காணாமல் போயின. இது ஓடவில்லை. புத்தகக் கடைக்காரர் கையில் பெட்டிக்குள் தூங்கியது. நாற்பது வருடம் கழித்து, 1974-ல், புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைக் கண்டெடுத்து வாங்கியது. தென்னாட்டு மௌனப் படங்களில் இன்று நாம் பார்க்க முடிந்த ஒரே படம் அது. தயாரிப்பாளர் ஒழுங்காக உரிமை வாங்கியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

ஜெர்மனியில் நேர் எதிர். 1922-ல் எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’ டிராகுலா கதையைத் திருடியது என்று பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி கோர்ட் உத்தரவு. ரத்தக் காட்டேரிப் படம் அவ்வளவு லேசில் சாகுமா? எங்கெங்கோ பிரதிகள் பிழைத்துக் கிடந்து, இன்று எல்லாப் பட்டியலிலும் பல்லைக் காட்டுகிறது. டிரையரின் ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ பட நெகட்டிவ் தீயில் போயிற்று. மிச்சத்தை வைத்துத் தேற்றிய இரண்டாவது நெகட்டிவும் தீயில் போயிற்று. எரித்துக் கொல்லப்பட்டவள் கதைக்குப் படச்சுருளே உடன்கட்டை ஏறியது. கடைசியில் 1981-ல் நார்வேயில் ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் முழுப் பிரதி கிடைத்தது. நிலாப் பயணத்தைப் படமாக எடுத்த மெலியேயின் படச்சுருள்களை உருக்கி முதல் உலகப் போரில் ராணுவ பூட்ஸுக்குக் குதிகால் செய்தார்கள். நிலாவுக்குப் போன படம் சகதியில் நடந்தது.

நம் ஊரில் அவ்வளவு நாடகம்கூட வேண்டியிருக்கவில்லை. பேசும் படம் வந்தது, 1931-ல் ‘காளிதாஸ்’ பேசியது, பாடியது. வால்டாக்ஸ் ரோட்டில் படப்பெட்டிக்குத் தேங்காய் உடைத்து, பூப்போட்டு, கற்பூரம் காட்டி ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். பழைய பெட்டிகளைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. படச்சுருளில் வெள்ளி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் உருக்கினார்கள். மிச்சம் வளையலாயிற்று. திரௌபதியின் படம் யாரோ ஒரு திரௌபதியின் கைக்கு வளையலாகப் போய்ச் சேர்ந்திருந்தால் ஒருவிதத்தில் நியாயம்தான். தப்பித்து ஆவணக் காப்பகம் வந்து சேர்ந்தவற்றிலும் ஒரு பகுதி 2003-ல் புனேயில் நடந்த தீவிபத்தில் போயிற்று.

ஆகவே மௌனப் படங்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் பிரஸ்ஸல்ஸ் விமர்சகர்கள் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தீ போட்டது ஒரு ஓட்டு, வெள்ளி வியாபாரி போட்டது ஒன்று, கோர்ட் அமீனா போட்டது ஒன்று, நார்வே ஆஸ்பத்திரியில் அலமாரியைச் சுத்தம் செய்யாமல் விட்ட சோம்பேறி போட்டது ஒன்று. அந்தச் சோம்பேறியின் ஓட்டுத்தான் எனக்குப் பிடித்தது.

என் வரிசையைக் கேட்டால்: முதல் இடம் ‘கீசக வதம்’. பார்த்ததில்லை, பார்த்தவர் எவரும் உயிரோடு இல்லை, எனவே எதிர்வாதம் வராது. அடுத்தது ‘விகதகுமாரன்’, ரோசிக்காக. ‘லங்கா தகனம்’ சாலுங்கேயின் புஜங்களுக்காக. ‘தீஃப் ஆஃப் பாக்தாத்’தை ரங்காச்சாரியாருக்கு மரியாதை செய்து நான்காவதாக வைக்கிறேன். ‘மார்த்தாண்ட வர்மா’ கடைசி; கையில் கிடைக்கிற படத்தில் குறை சொல்ல முடிகிறதே. பொட்டெம்கின் கட்சியினர் கல்லெறிய விரும்பினால் வரிசையில் வரவும்.

உங்கள் ஊரில் பழைய கொட்டகை எதையாவது இடித்து மண்டபம் கட்டும்போது, பரணில் துருப்பிடித்த வட்டத் தகர டப்பா அகப்பட்டால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். புனே காப்பகத்துக்கு ஒரு கடிதாசு எழுதுங்கள். அந்தக் காலத்து நைட்ரேட் சுருள் சட்டென்று தீப்பிடிக்கும். உள்ளே என்ன படம் என்று பார்க்கும் ஆவலில், தயவுசெய்து பக்கத்தில் பீடி பற்றவைக்க வேண்டாம்.